ஆயிரத்து இருநூறாவது பொருள்

புது வருஷம் பிறந்தால் உடம்பை இளைக்க வைப்பதாகவும் சிகரெட்டை விட்டுவிடுவதாகவும் நாலு பேர் சபதம் எடுப்பார்கள். பத்து நாளில் மறந்தும் போவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த நல்ல ஏற்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டது பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகம். ஊழியர் ஒவ்வொருவரும் வேலையில் ஓர் இலக்கு, சொந்த வாழ்க்கையில் ஓர் இலக்கு என்று இரண்டு இலக்குகளை வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், இரண்டும் போன வருஷத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு தனியாக வந்தால் பயந்துவிடும் என்றோ என்னவோ, துணைக்கு ஓர் இலக்கு அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

அதிகாரியின் டையில் மேல்நோக்கிப் பாயும் பித்தளை அம்பு ஒன்று குத்தியிருந்தது. அவர் பலகையில் வரைந்த படங்களிலும் அம்புகள்தான், எல்லாம் மேலேயே போயின. அவருக்கு 'அம்பு சார்' என்று பெயர் விழ அரை நாள்கூட ஆகவில்லை.

பேருந்துகளைக் கழுவும் கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்து அவர் பேசினார்.

"நான் காலையில கண்ணு முழிச்சதும் பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி என் இலக்கைத்தான் படிப்பேன். என் வீட்டுல எல்லாருமே அப்படித்தான். எனக்கும் என் மனைவிக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிவ்யூ மீட்டிங் நடக்கும். போன தடவை அஞ்சுக்கு ரெண்டரை மார்க் போட்டாங்க. நான் வருத்தப்படல. முன்னேற எவ்வளவு இடம் இருக்கு பாருங்கன்னு சந்தோஷப்பட்டேன். என் பையன் என்னைப் பார்க்கணும்னா முன்கூட்டியே நேரம் வாங்கணும். இதுவரைக்கும் ஒரு தடவைகூட கேட்டதில்ல. அவ்வளவு கட்டுப்பாடு!"

கிளை மேலாளர் முதலில் கை தட்டினார். அவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவது அந்தப் பணிமனையின் வெகுநாள் வழக்கம்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த குடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குடை விற்பதால் அவருக்கு அந்தப் பெயர் வந்துவிடவில்லை. பேருந்துகளில் பயணிகள் விட்டுவிட்டுப் போகிற பொருள்களைப் பத்திரப்படுத்தும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே பாதிக்குப் பாதி குடைகள். ஒரு பொருள் வந்தால் அதில் அட்டை கட்டி அலமாரியில் வைப்பார். உடையவர் வந்து சரியான அடையாளம் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். தொலைத்த பொருளைக் கையில் வாங்கும்போது மனித முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதைப் பார்ப்பதுதான் அந்த வேலையில் இருந்த ஒரே சுகம். அதுவே போதும் என்று காலத்தை ஓட்டிவந்தவர் அவர்.

அவர் முறை வந்தபோது அம்பு சார் கேட்டார். "உங்க அறையில இப்ப எத்தனை பொருள் இருக்கு?"

"ஆயிரம் இருக்கும் சார்."

"இந்த வருஷம் உங்க இலக்கு?"

குடைக்காரர் நன்றாக யோசித்துச் சொன்னார். "யாரும் எதையும் தொலைக்காம இருந்தா நல்லது சார். தொலைச்சதையும் அவங்கவங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டா, அறையே காலியாயிடும்."

மேலாளருக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அம்பு சார் மட்டும் பொறுமையாகப் புன்னகை செய்தார்.

"காலியா? ஆயிரத்துல இருந்து பூஜ்யத்துக்குப் போற அம்பை நான் எந்தப் பக்கம் பார்த்து வரையறது? உங்க துறை வளர வேண்டாமா? ஆயிரத்து இருநூறுன்னு போட்டுக்கறேன். வருஷக் கடைசியில அலமாரியில ஆயிரத்து இருநூறு பொருள் இருக்கணும். குறைஞ்சா இந்த அறை தேவையில்லைன்னு அர்த்தம். அறையை மூடிட்டு உங்களை எல்லைக் கிளைக்கு மாத்திடுவாங்க."

எல்லைக் கிளை என்றதும் குடைக்காரர் மனசுக்குள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டார். போய்ச் சேரவே ஒரு முழுப் பகல் ஆகும் ஊர் அது. மனைவிக்கு வேலை இங்கே, மருந்துக் கடையில். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் தட்டைக் கழுவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"சொந்த இலக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டுக்குப் போய், என் மனைவிகூட உட்கார்ந்து டீ குடிக்கணும் சார். அவ்வளவுதான்."

"எத்தனை கப்?"

"ஆளுக்கு ஒண்ணு."

"இப்ப ஒண்ணு. அடுத்த மூணு மாசத்துல ரெண்டு, அப்புறம் மூணு, வருஷக் கடைசியில நாலு" என்று எழுதிக்கொண்டார் அம்பு சார். "உங்க மனைவிதான் இதுக்கு மேற்பார்வையாளர். ஆறு மணிக்கு நீங்க இருக்க வேண்டிய இடம் உங்க வீடு. ஞாபகம் வச்சுக்கோங்க."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மருந்துக் கடையில் தினமும் நூறு பேருடைய வியாதியைக் கேட்கிற மனுஷி. நிதானம் ஜாஸ்தி.

"டீயை விடுங்க, குடிச்சுத் தொலைக்கலாம். அந்த இருநூறு பொருளுக்கு எங்க போவீங்க?"

"ஜனங்க தொலைச்சாத்தானே."

"ஏங்க, ஜனங்களை எதுக்கு நம்பணும்? என் தம்பி இருக்கான்ல?"

அவள் தம்பியைப் போலப் பொருள்களைத் தொலைக்கிறவன் அந்த ஊரிலேயே கிடையாது. சாவி, பர்ஸ், ஒற்றைச் செருப்பு, கிடைத்த வேலைகள் எல்லாவற்றையும் அவன் தொலைத்திருக்கிறான். நாற்பது வயதில் முதன்முறையாகக் குடும்பத்துக்குத் தன்னால் ஓர் உபயோகம் என்று கேள்விப்பட்டதும் நெகிழ்ந்துபோய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து, கொண்டுபோன குடையோடு அப்படியே திரும்பி வந்தான்.

"முடியல மாமா. விட்டுட்டு இறங்கணும், விட்டுட்டு இறங்கணும்னு நினைச்சுக்கிட்டே போறேன். அவ்வளவு நேரம் நினைச்சுக்கிட்டே இருந்தா அது எப்படி மாமா மறக்கும்?"

அவனுக்கு இலக்கு வைத்த நாளிலிருந்து ஒரு பொருள் தொலையவில்லை. இவ்வளவு கவனமான ஆளா என்று வியந்து ஒரு கிடங்கில் அவனுக்கு வேலையும் கொடுத்துவிட்டார்கள். குடைக்காரர் பக்கம் கணக்கு ஏறவே இல்லை.

ஏறாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கண்டக்டர்களுக்கு அம்பு சார் வைத்திருந்த இலக்கு, 'பேருந்தில் விடுபடும் பொருள்கள் பூஜ்யம்' என்பது. அதனால் கண்டக்டர்கள் விசிலை ஊதிக்கொண்டு பயணிகளைத் துரத்த ஆரம்பித்தார்கள். ஒரு பெண்மணி தின்றுவிட்டுப் போட்ட ஆரஞ்சுத் தோலைக்கூட அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் ஒரு கண்டக்டர். நல்ல மனிதர், எப்போதும் மூக்கால் அழுகிற பேர்வழி. "என் சர்வீஸ்ல இப்படி ஓடினதில்லப்பா" என்று குடைக்காரரிடம் வந்து புலம்பினார்.

இரண்டு பேரும் சேர்ந்தே அம்பு சாரிடம் போனார்கள்.

"சார், பஸ்ல ஒண்ணும் விடுபடக் கூடாதுன்னு இவருக்குச் சொல்றீங்க. விடுபட்டது இருநூறு கூட வேணும்னு எனக்குச் சொல்றீங்க. ரெண்டும் எப்படி சார் நடக்கும்?"

"ரெண்டும் நடக்கும். அதுக்குப் பேர்தான் டீம் ஒர்க்" என்றார் அம்பு சார்.

பணிமனை முழுக்க இதே கூத்து. பஞ்சர் ஒட்டுகிறவருக்குப் போன வருஷத்தைவிட அதிக பஞ்சர் ஒட்ட வேண்டும் என்று இலக்கு. அவர் ஆணிக் கடையில் அரைக் கிலோ ஆணி வாங்கியதைப் பார்த்ததாகப் பேச்சு. அந்த மாதமே அவருக்குச் சிறந்த ஊழியர் விருது கொடுத்தார்கள்.

வருஷத்தின் நடுவில் ஒரு நாள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அறைக்கு வந்தார். கண்டக்டர் துரத்தியும் அவரை எட்டிப் பிடிக்க முடியாமல், அவருடைய பல்செட் பேருந்தில் விடுபட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்பு சாரும் அங்கே சோதனைக்கு நின்றிருந்தார்.

"பொருளுக்கு அடையாளம் சொல்லுங்க" என்றார் அம்பு சார்.

வாத்தியார் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"இது பொருள் இல்லாததுக்கு அடையாளம். பொருளுக்கு இல்ல" என்று அம்பு சார் தலையசைத்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தா எங்க கணக்குல ஒண்ணு குறையும். பயணிகள் திருப்திங்கறது அடுத்த வருஷத்து இலக்கு. இந்த வருஷம் அதுல கை வைக்க முடியாது. டிசம்பர் முடிஞ்சதும் வாங்க. அதுவரைக்கும் கஞ்சியா குடிங்க. உடம்புக்கும் நல்லது."

போகும்போது சுவரில் ஒரு புது விதியையும் ஒட்டிவிட்டுப் போனார். உடையவர் நேரில் வந்து சரியான அடையாளம் சொன்னாலன்றி எந்தப் பொருளும் எக்காரணம் கொண்டும் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. அதன் கீழே, தொலைந்த பொருள் என்றால் என்ன என்பதற்கும் ஒரு விளக்கம் எழுதியிருந்தார்: தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், கழகத்தின் பேருந்திலோ வளாகத்திலோ காணப்படும் எதுவும்.

அவர் தலை மறைந்ததும் குடைக்காரர் கையைப் பிசைந்தார். வாத்தியாரின் பொக்கை வாயைப் பார்த்தார். எல்லைக் கிளையை நினைத்தார். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று பல்செட்டை எடுத்து, கழுவி, கொடுத்துவிட்டார். வாத்தியார் அதை மாட்டிக்கொண்டு முதல் காரியமாக அம்பு சாரை ஐந்து நிமிஷம் அழகான உச்சரிப்பில் திட்டினார். அவர் முகத்தில் அந்த வெளிச்சம் வந்திருந்தது. குடைக்காரர் அன்று சாயங்காலம் இரண்டு கப் டீயையும் ருசித்துக் குடித்தார்.

"இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி.

மறுநாளிலிருந்து அவள் மருந்துக் கடைக்குப் போகும் பேருந்தில் தினம் ஒரு பொருளை விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தாள். முதலில் கரண்டி, பிறகு மூடிகள், பிறகு பாத்திரங்கள். கண்டக்டர் விசிலைத் தேடுவதற்குள் கூட்டத்தில் கரைந்துவிடுகிற சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. இரவு வீட்டில் காணாமல் போன வாணலி, காலையில் அறைக்கு வந்து சேரும். குடைக்காரர் அதற்கு முன்பின் தெரியாத பொருளைப் போல அட்டை கட்டி வைப்பார். சுவர்க் கடிகாரம் வந்தது. தலையணை வந்தது. கல்யாணப் படமும் சட்டத்தோடு வந்தது. அதை மட்டும் தம் நாற்காலிக்கு எதிரே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

டிசம்பர் மாதம் அறையில் நிற்கக்கூட இடமில்லை. வீட்டில் டீ போடும் பாத்திரமும் இரண்டு கப்பும் ஒரு பிளாஸ்க்கும் மட்டும் மிச்சம். தினம் நாலு கப் டீ குடித்துவிட்டுத் தூக்கம் வராமல், வெறும் தரையில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று மனைவி சொன்னாள்.

வருஷத்தின் கடைசி நாள் மத்தியானம் கணக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கு மேலாளர் வந்து எண்ணுவார். ஒன்றே ஒன்று வேண்டும்.

அப்போது அந்த மூக்கால் அழும் கண்டக்டர் நிஜமாகவே அழுதுகொண்டு வந்தார். கையில் ஒரு பெரிய தோல்பை. "வருஷம் பூரா என் பஸ்ல பூஜ்யம்பா. கடைசி நாள்ல கவுத்துட்டானே ஒருத்தன்! கூப்பிடக் கூப்பிட போன்ல பேசிக்கிட்டே இறங்கிப் போயிட்டான். கூட்டத்துல முகம்கூடத் தெரியல."

குடைக்காரர் அந்தப் பையை அணைத்து வாங்கிக்கொண்டார். அட்டை கட்டி, பெட்டிகள் வைக்கிற கீழ்த்தட்டில் வைத்தார். ஆயிரத்து இருநூறு! எல்லைக் கிளை இல்லை. மனைவிக்குப் போன் போட்டு, "ஆறு மணிக்கு வந்துடறேன், டீ போடு" என்றார்.

அறையைப் பூட்டக் கிளம்பும்போது அம்பு சார் தலைதெறிக்க ஓடிவந்தார். காலையில் அவர் கார் பணிமனை வாசலிலேயே நாலு சக்கரமும் பஞ்சராகி நின்றுவிட்டதாம். யாரைக் குற்றம் சொல்ல முடியும், பஞ்சர்க்காரர் தம் இலக்கை முடித்திருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேருந்தில் ஏறிய அம்பு சார் அதிலேயே பையை விட்டுவிட்டார்.

"பை! தோல்பை! உள்ளே என் கம்ப்யூட்டர் இருக்கு. எல்லாருடைய இலக்கும் அதுக்குள்ளதான் இருக்கு!"

அடையாளம் சரியாக இருந்தது. குடைக்காரர் ஒரு கணம் தயங்கினார். டிசம்பர் முடிந்ததும் வாருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் கையில் இருந்தது. கை தானாகவே பையை எடுத்து நீட்டிவிட்டது.

அம்பு சார் அங்கேயே கம்ப்யூட்டரைத் திறந்து அறையின் கணக்கை ஏற்றிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. திரையில் அம்பு சிவப்பாகிக் கீழே வளைந்திருந்தது.

"ஒண்ணு குறையுதே?"

"சார், அது உங்க பை."

"யாரோடதுங்கறது முக்கியமில்ல. ஒண்ணு குறையுதுங்கறதுதான் முக்கியம். என் இலக்கு என்ன தெரியுமா? ஒரு பிரிவுகூடத் தோற்கக் கூடாது. உங்க ஒருத்தரால நானும் தோற்கறேன். எல்லைக் கிளைக்கு உத்தரவு போடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

குடைக்காரர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். எதிரே அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஆறே காலைக் காட்டியது. "அதுவும் போச்சு" என்றார் தமக்குள். "ஆறு மணிக்கு நான் வீட்டுல இருந்திருக்கணும்."

அம்பு சார் சட்டென்று தலையைத் தூக்கினார். "என்ன சொன்னீங்க? நீங்க எங்க இருக்கணும்?"

"வீட்டுல சார்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்க."

அம்பு சார் சுவரில் இருந்த விளக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், கழகத்தின் பேருந்திலோ வளாகத்திலோ காணப்படும் எதுவும்." படித்துவிட்டுக் குடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

அவரே தம் கையால் குடைக்காரரின் சட்டைப் பொத்தானில் அட்டையைக் கட்டினார். குடைக்காரர் காலை மடக்கிக்கொண்டு, பை இருந்த கீழ்த்தட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு பக்கம் தலையணை, ஒரு பக்கம் வாணலி, இரண்டும் சொந்தம். அம்பு பச்சையாகி மேலே எழுந்தது.

"காலையில எட்டு மணி வரைக்கும் அசையாதீங்க" என்றார் அம்பு சார்.

ஏழு மணிக்கு மனைவி வந்தாள், கையில் பிளாஸ்க்கோடு. அலமாரியில் அட்டையோடு இருந்த புருஷனைப் பார்த்தாள். இந்த வருஷத்தில் அவள் எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டிருந்தாள்.

"இது என்னுது" என்றாள்.

"அம்மா, ஒரு ராத்திரிதாம்மா!" அம்பு சார் குறுக்கே வந்தார். "காலையில முழுசா திருப்பிக் கொடுத்துடறேன்."

குடைக்காரர் அலமாரியிலிருந்து, பொறுப்பு அதிகாரிக்குரிய குரலில் கேட்டார். "அடையாளம் சொல்லணும்."

"இடது காதுல ஒரு மச்சம். கோபம் வந்தா பேச மாட்டார், பாத்திரத்தைக் கழுவி வைப்பார். தூங்கறப்ப ஒரு காலை வெளியே நீட்டிக்குவார். டீ சூடா இருந்தா ஊதி ஆத்தி எனக்குத்தான் முதல்ல கொடுப்பார்." பிளாஸ்க்கைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "எல்லைக் கிளையில டீ கிடைக்காமலா போயிடும்? ரெண்டு பேரும் போவோம். இறங்குங்க."

"அடையாளம் சரி" என்று சொல்லி, குடைக்காரர் கீழே இறங்கி, தம் அட்டையைத் தாமே அவிழ்த்து, தம்மைத் தாமே அவளிடம் ஒப்படைத்தார்.

அம்பு மறுபடி சிவந்தது. அம்பு சார் திரையைப் பார்த்தார், காலியான தட்டைப் பார்த்தார், குடைக்காரர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு அட்டையை வாங்கித் தம் சட்டையில் கட்டிக்கொண்டு, கால்சட்டை மடிப்புக் கலையாமல் கீழ்த்தட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"சார், உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று மனைவி பதறினாள்.

"அடுத்த ரிவ்யூ பதினஞ்சாம் தேதிதான்" என்றார் அம்பு சார். "வெளியே பூட்டிக்கோங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேலாளர் எண்ணி முடித்தார். ஆயிரத்து இருநூறு. அவர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். எல்லைக் கிளைப் பேச்சு அதோடு முடிந்தது. எட்டு ஐந்துக்கு மனைவி ஒரு தள்ளுவண்டியோடு வந்து, "இது என்னுது, இதுவும் என்னுது" என்று தலையணை, வாணலி, கடிகாரம், கல்யாணப் படம் என ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லி வாங்கத் தொடங்கினாள். குடைக்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பொருளைத் தொலைத்த மற்றவர்களும் வந்தார்கள். குடைகளும் சாவிகளும் போய்க்கொண்டே இருந்தன.

கீழ்த்தட்டில் அம்பு சார் இருந்தார். உடையவர் வராமல் எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்ற விதி அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். மத்தியானம் வரை அவரைக் கேட்டு யாரும் வரவில்லை.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். "பாவமா இருக்குங்க. இதுவும் என்னுதுன்னு சொல்லி வெளியே விட்டுடட்டுமா?"

"அடையாளம் சொல்லணுமே."

அவள் குனிந்து அம்பு சாரை நன்றாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"டையில ஒரு அம்பு இருக்கு" என்றாள்.

"அது என்னுது இல்லம்மா" என்றார் அம்பு சார். "ஆபீஸ்ல கொடுத்தது."

அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தென்படவில்லை. பிளாஸ்க்கிலிருந்து ஒரு கப் டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பாத்திர மூடிகளைத் தேடப் போனாள்.